ஈரம் தனி, காய்ந்தது தனி: திருகோணமலை வீடுகளுக்கான சில பழக்கங்கள்

திருகோணமலை நகரத்தில் புள்ளிமான் குப்பை மேய்வதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வீதியோரம் கட்டி வைத்த பையைக் கிழித்து, உள்ளே கிடக்கும் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்கும். மானுக்குப் பொலித்தீனில் ஆசை ஒன்றும் இல்லை. அதில் ஒட்டியிருக்கும் குழம்பின் உப்பும் சோற்று மணமும்தான் இழுக்கின்றன. அந்தப் பையைப் பழைய போத்தல் வாங்குகிறவர் தொடமாட்டார், பசளைக்கும் அது ஆகாது. ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் ஒரே பைக்குள் விழுந்த நிமிடத்திலேயே இரண்டும் கெட்டுவிடுகின்றன. இரண்டையும் சேரவிடாமல் வைத்தால், வீட்டுக் குப்பையில் சபை வண்டிக்குப் போக வேண்டியது மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். கீழே சொல்லும் பழக்கங்களில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது. மீதி தண்ணீரைப் பற்றியது. அங்கேயும் விஷயம் ஏறக்குறைய இதேதான்: நல்லதோடு கெட்டது சேரக்கூடாது.

குசினியில் ஒரு வாளி, கதவுக்குப் பின்னால் ஓர் உரப்பை

குசினியில் மூடியுள்ள ஐந்து லீற்றர் வாளி ஒன்று போதும். பழைய பெயின்ற் வாளியைக் கழுவி எடுத்தாலும் சரி. அடியில் ஒரு கைப்பிடி தும்புத்தூள் அல்லது கிழித்த பத்திரிகைத் தாள் போடுங்கள். வடியும் நீரை அது குடித்துக்கொள்ளும், வாளியும் நாறாது. மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, பிழிந்த தேங்காய்ப்பூ எல்லாம் இதற்குள். மீன் கழிவு மட்டும் வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது. வாளியை நாளுக்கு ஒருமுறை வெறுமையாக்க வேண்டும். இந்த ஊர் வெக்கையில் இரண்டாம் நாள் வரை வைத்தால் புழு வைத்துவிடும்.

காய்ந்தவற்றுக்கு ஓர் உரப்பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவி விடுங்கள். இதற்கு ஒரேயொரு விதி: கழுவாமலும் காயாமலும் எதுவும் உள்ளே போகக்கூடாது. கழுவ நல்ல தண்ணீர் தேவையில்லை. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரில் யோகட் கப்பையும் பால் பைக்கற்றையும் ஒரு தடவை முக்கி எடுத்தால் சரி. பைக்கற்றின் மூலையை மட்டும் வெட்டாமல் மூன்று பக்கமும் வெட்டி விரித்துவிடுங்கள். மூலையில் தங்கும் பால்தான் இரண்டு நாளில் மணக்கத் தொடங்கும். பிறகு உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடலாம். பிளாஸ்டிக் போத்தலை நசுக்கி மூடியைத் திரும்பப் போட்டு வைத்தால் உரப்பை இரண்டு மடங்கு கொள்ளும்.

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்றால் குடிதண்ணீர், சோடாப் போத்தல் வகை. 2 என்றால் சம்பூ, சலவைத் திரவம் வரும் கட்டியான போத்தல். 5 என்றால் மூடிகளும் உணவு டப்பாக்களும். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆள் கிடைக்கும், ஐந்தாவதை வாங்குகிறவர் கொஞ்சம் குறைவு. பால்மா, பிஸ்கற் பைக்கற்றுகளில் உள்ளே வெள்ளிபோல மினுங்குகிறதே, அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தாள். அதைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் யாரும் எடுக்கமாட்டார்கள். உங்கள் பக்கம் வருகிறவரிடம் எதை எடுப்பார் என்று ஒருதடவை கேட்டு, அதன்படி பிரிப்பதுதான் வேலை மிச்சம். பொது இடத்து வாளிகளின் நிறம் நாடு முழுவதும் ஒன்றே: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம்.

பற்றரி, பிளேட், உடைந்த மின்குமிழ் ஆகியவற்றை ஒரு ஜாம் போத்தலில் தனியாகச் சேர்த்து வையுங்கள். சுருள் வடிவப் பழைய குமிழ்களுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, விளக்குமாறு போடாமல், கட்டித் தாளால் கூட்டி அள்ளுங்கள்.

வாசலில் வைக்கும் குப்பையை முதல்நாள் இரவே கொண்டுபோய் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மானும் மாடும் நாயும் வருவது அந்த நேரத்தில்தான். வண்டி வரும் காலையில், மூடியுள்ள வாளியில், மூடிக்கு மேல் ஒரு கல்லும் வைத்து விடுங்கள்.

பீப்பாவில் பசளை

நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோவுக்கு முன்பின்னாக ஈரக் குப்பை வரும். அதற்கு 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பா இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பி உக்கும்போது மற்றதில் போடலாம். ஒன்றை மட்டும் வாங்கித் தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவதற்குக் காரணம், புதுக் குப்பையும் பழைய பசளையும் ஒன்றாகக் கலந்து, எடுக்க முடியாமல் போவதுதான்.

பீப்பாவின் பக்கங்களில் அரை அங்குல துளைகளை ஆறங்குல இடைவெளியில் சுற்றிவர இடுங்கள். அடியை வெட்டி எடுத்துவிடலாம், அல்லது இருபது துளை இடலாம். நாலு செங்கல்லின்மேல் நிறுத்தினால் அடியிலும் காற்று ஓடும். இடம் முக்கியம்: வேம்பு அல்லது மாமர நிழல், கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி. வெயிலில் வைத்த பீப்பா வைகாசி, ஆனியில் உள்ளே எல்லாவற்றையும் கருவாடாக்கிவிடும்.

முதலில் அடியில் அரை அடி உயரத்துக்குப் பொச்சுமட்டைத் துண்டும் சுள்ளியும். அதன்மேல் ஒரு வாளி காய்ந்த சருகு. பிறகு வீட்டு வாளி ஒன்றைக் கொட்டினால், அதே வாளியால் இரண்டு வாளி சருகு மேலே. ஒரு கைப்பிடி வளவு மண்ணும் தூவுங்கள். சாணம் கிடைத்தால் கரைத்து ஒரு பேணி ஊற்றலாம், கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. கிழமைக்கு ஒருதடவை அலவாங்கு அல்லது தடியால் அடிவரை குத்திக் கிளறி விடுங்கள். மூடியைப் போட மறக்கவேண்டாம்.

இரண்டுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். மரக்கறித் தோலில் நைதரசன் அதிகம், காபன் குறைவு. சருகில் மறுபக்கம். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய, நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு வேண்டும். சருகு போடாத பீப்பா நாறுவதற்குக் காரணம் இதுவே: மிஞ்சும் நைதரசன் அமோனியாவாகக் கிளம்புகிறது, நீர் தேங்கிக் காற்றும் அடைபடுகிறது.

சருகு எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மாசி, பங்குனியில் வளவெல்லாம் கொட்டிக் கிடக்கும். அதைக் கூட்டி எரிப்பதுதான் வழக்கம். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு கைப்பிடி காய்ந்த இலை தேடினாலும் கிடைக்காது. ஆகவே கொட்டும் காலத்தில் ஆறேழு உரப்பை நிறைய அமத்திக் கட்டி, தாழ்வாரத்தில் அடுக்கி வையுங்கள். மாவிலை மெழுகுத்தோல் உள்ளது, கசக்கிப் போட்டால்தான் உக்கும். பனையோலையும் சவுக்கு ஊசியும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், அவற்றை மிளகாய்க் கன்றின் அடியில் மூடாக்காகப் போடுவது நல்லது. வாழைத்தண்டைப் பார்த்தால் சருகுபோல் தெரியும். உண்மையில் அது தண்ணீர்க் குடம், ஈரக் கணக்கில்தான் சேரும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள், அரிசி கழுவிய தண்ணீர் இதற்கு நல்லது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே பீப்பா கெடுவது அநேகமாக நாற்றத்தால் இல்லை, காய்ந்துபோவதால். நுவரெலியாவையோ கண்டியையோ மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் ஈரத்தைக் குறைக்கச் சொல்லும். நம் ஊரில் எட்டு மாதம் அதற்கு எதிராகச் செய்ய வேண்டும். மூன்று நாலு நாளுக்கு ஒருதடவை அரை வாளி தண்ணீர் கேட்கும்.

பிழிந்த தேங்காய்ப்பூ தனிக்கதை. மூன்று நேரமும் பால் பிழிகிற வீட்டில் அது நிறைய வரும். எண்ணெய்ப் பிடிப்புள்ளதால் உருண்டையாகக் கட்டிப் புளித்துப்போகும். உதிர்த்து, சருகோடு பிசைந்து தூவுங்கள். எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போகலாம். சிரட்டை போடாதீர்கள், வருடக்கணக்கில் உக்காது. தேயிலைப் பையானால் கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது.

பீப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை அங்கே வருகிற உயிர்களே சொல்லிவிடும். எறும்பு புற்று வைத்தால் மிகவும் காய்ந்துவிட்டது. சிறிய வெள்ளைப் புழு நெளிந்தால் ஈரம் அதிகம், மேலே மூடின சருகு போதவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த பெரிய புழு கண்டால் பயப்பட வேண்டாம். அது கறுப்பு ஈயின் புழு, வேகமாகத் தின்று வேலையை முடித்துத்தரும், வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் மொய்க்காது. எலி வந்தால் மீந்த சோறு போட்டிருக்கிறீர்கள். சோற்றைக் கோழிக்கோ நாய்க்கோ கொடுத்துவிடலாம்.

போடுவதை நிறுத்தியபின் ஏறக்குறைய மூன்று மாதம். அரை அங்குல வலையில் சலித்து, தங்கும் கட்டியை அடுத்த பீப்பாவின் அடிக்குப் போடுங்கள். முதிர்ந்துவிட்டதா என்று மூக்கை மட்டும் நம்பாமல் ஒரு சிரட்டையில் பசளையை நிரப்பிப் பத்துப் பயறு ஊன்றுங்கள். மூன்று நாலு நாளில் எட்டுப் பயறாவது முளைத்தால் மரக்கறிக் கன்றுக்குப் போடலாம். முளைக்காமல் அழுகினால் இன்னும் மூன்று கிழமை விடுங்கள். பச்சையாகப் போட்ட பசளை கன்றின் வேரைச் சுட்டுவிடும். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்பதில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு இந்தப் பசளையைவிட நல்ல மருந்து இல்லை.

மீன் கழிவு

சூடை, கீரி, பாரை எதுவானாலும் செதிலும் குடலும் பீப்பாவுக்குப் போனால் நாயும் காகமும் தெருவையே கூட்டிவிடும். எளிய வழி: தென்னை அல்லது வாழையின் அடியிலிருந்து மூன்றடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் குழி, கழிவைப் போட்டு மேலே ஒரு பிடி சாம்பல், பிறகு மண்ணை நிறைத்து மிதித்து, அதன்மேல் ஒரு கல். ஓரடி ஆழம் போதாது, நாய் கிண்டிவிடும்.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் மீன் கரைசல் செய்யலாம். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ சர்க்கரை. நம் ஊர்ச் சர்க்கரைதான், சீனி வேண்டாம். கழிவைச் சிறிதாக வெட்டி, சர்க்கரையைத் தூளாக்கிப் பிசைந்து, பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். வாயைத் துணியால் கட்டி நிழலில் மூன்று நாலு கிழமை. கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். சரியாக வந்தால் தேன்நிறத்தில், பழம் புளித்த மணத்தோடு இருக்கும். அழுகல் நாற்றம் வந்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பொருள், இன்னும் கால் கிலோ சேர்க்கலாம். வடித்தெடுத்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து, மாலையில் தெளியுங்கள். அளவைக் கூட்டினால் இலை கருகும்.

சந்தைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும்

துணிப்பை கொண்டுபோனாலும் மீன் வாங்கும் இடத்தில் ஒரு சொப்பிங் பை கைக்கு வந்துவிடும், துணிப்பை நனையுமே. ஆகவே மீனுக்குத் துணிப்பை பதிலாகாது. முந்தி இதற்கென்றே பனையோலை உமல் இருந்தது: தண்ணீர் வடியும், காற்றுப் படும், பிறகு அடுப்புக்கும் போகும். இப்போது உமல் கிடைக்காவிட்டால், மூடியுள்ள இரண்டு மூன்று லீற்றர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வீட்டில் வைத்தால் மறந்துபோகும். மரக்கறிக்கு ஏற்கனவே வீட்டில் சேர்ந்த சொப்பிங் பைகளை முடித்துவிட்டுத்தான் புதுத் துணிப்பை வாங்க வேண்டும். பத்துத் துணிப்பை அலுமாரியில் தொங்குவதில் கடலுக்கு ஒரு நன்மையும் இல்லை.

பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சஷேக்கள், உணவும் மருந்தும் தவிர, 2021 மார்ச் 31 முதல் தடை. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, மாலை முதலியனவும் அந்தப் பட்டியலில். சட்டம் இப்படி இருக்க, கடையில் சோற்றுப் பார்சல் எதில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலிருந்து பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்கும் கடை குறைவு. சுடுகுழம்பை மட்டும் பொலித்தீனில் கட்டவிடாமல் எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்குங்கள். கோயில் அன்னதானம், வீட்டு விசேஷம் என்றால் வாழையிலை. அதை அடுப்பு அனலில் ஒருதரம் காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. இலையின் நடுநரம்பைப் பின்பக்கத்தால் மெல்லச் சீவிவிட்டால் பார்சல் இன்னும் இறுக்கமாக வரும்.

மழைக்காலத்தில் கானுக்குள் கிடப்பதெல்லாம் குடாவுக்குத்தான் போகிறது. நிலாவெளிக்கு அப்பால் கடலில் இருக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அதைச் சுற்றி உயிருள்ள பவளப்பாறை. ஆசிய பசிபிக் பிராந்தியப் பவளப்பாறைகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, பிளாஸ்டிக் தொட்டுக்கொண்டிருக்கும் பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 வீதத்திலிருந்து 89 வீதமாக ஏறுகிறது. பொலித்தீன் வெளிச்சத்தை மறைக்கும், உராய்ந்து புண்ணாக்கும், கிருமியையும் ஏற்றிவரும். அங்கே போகிறவர்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம்: படகில் ஏறுமுன் போத்தல் லேபல், பிஸ்கற் உறை எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் விட்டுச் செல்லுங்கள். காற்றில் பறக்கக்கூடிய எதையும் தீவுக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீருக்குள் பவளத்தின்மேல் காலூன்றி நிற்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கரையில் வைத்தே சொல்லிவிட வேண்டும்.

எரிப்பது பற்றி இரண்டு வரி. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் வளவில் எரித்தால் நெருப்புக்குப் போதிய சூடு இராது. அரைகுறையாக எரிந்து நச்சுப்புகை வரும். பழைய வயர், பைப் போன்ற பிவிசி சாமான் எரிந்தால் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு வரும். சாம்பலைக் கத்தரிக்காய்ப் பாத்திக்குப் போடுவது அதைவிடப் பிழை.

கிணறும் உப்பும்

குழாய்த்தண்ணீர் கந்தளாய்ப் பக்கமிருந்து வருகிறது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரையோர வளவுகளிலோ இன்னும் கிணறுதான். மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய வில்லைபோல உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கணக்குப்படி அதன்கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால், கீழேயிருந்து உவர் மேலேறத் தொடங்கும். ஏறிய உப்பு அடுத்த மாரி வரை இறங்காது.

ஆகவே மோட்டாரை ஒரேயடியாக முப்பது நிமிடம் ஓடவிடாமல், காலையில் பதினைந்து மாலையில் பதினைந்து என்று பிரித்து ஓடவிடுங்கள். புட் வால்வை (கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடி வால்வை) அடிமண் வரை இறக்காமல், கோடையின் குறைந்த மட்டத்துக்கு இரண்டடி கீழே நிறுத்துங்கள். அடியில் வைத்தால் மணலோடு உப்பும் முதலில் வரும். தாங்கிக்கு ஒரு மிதவைச் சுவிட்ச் பூட்டினால் வழிந்து ஓடுவது நிற்கும். ஒரு குதிரைவலு மோட்டார் அரைமணி ஓடினாலே அரை அலகுக்குக் கிட்டப் போகிறது என்பதையும் யோசியுங்கள்.

குழாய் சொட்டுகிறதா? ஓர் அளவுக் கப்பை ஒரு மணித்தியாலம் கீழே வையுங்கள். அரை லீற்றர் நிரம்பினால் நாளுக்கு 12 லீற்றர், மாதம் 360. பெரும்பாலும் மாற்ற வேண்டியது ஒரு வாசர் மட்டுமே. மலசலகூடத் தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப்பவுடர் கரைத்து, இருபது நிமிடம் தொடாமல் விட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது. பழைய ஒன்பது லீற்றர் தாங்கியானால், மணலும் தண்ணீரும் நிரப்பி மூடிய ஒரு லீற்றர் போத்தலை உள்ளே நிறுத்தி வைக்கலாம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வை அடைக்கும். குளிப்பதற்கு ஷவர் நிமிடத்துக்கு எட்டு, பத்து லீற்றர் விடும். வாளியும் கோப்பையும் என்றால் முழுக்குளிப்பு இருபது முப்பது லீற்றருக்குள் முடிந்துவிடும்.

உடுப்புத் தோய்த்த தண்ணீரை வாழைக்கு விடலாம், ஆனால் நேரே அடியில் ஊற்ற வேண்டாம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, பொச்சுமட்டையால் நிரப்பி, விளிம்பைச் சுற்றி மூன்று நாலு வாழைக்கன்று நடுங்கள். பைப்பின் வாயை மட்டைக்குள் புதைத்தால் நுளம்பு வராது. வருடத்துக்கொருமுறை உக்கிய மட்டையை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்புப் படிந்து தண்ணீர் நிற்கும். வெளுப்புத் திரவம் கலந்த தண்ணீர் இதற்குப் போகக்கூடாது. சலவைத்தூளில் சோடியம் அதிகம் என்பதால் ஒரு நாள் சலவைத் தண்ணீர் போனால் அடுத்த நாள் சும்மா அலசிய தண்ணீர் போகட்டும். இந்தக் குழியும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்கு 50 அடிக்குள் வரவே கூடாது. கரையோர மணல் கழிவுநீரை நன்றாக வடித்துத் தராது, விரைவாகக் கடத்திவிடும். பொரித்த எண்ணெயைக் கானில் ஊற்றாமல் பத்திரிகைத் தாளால் சட்டியைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

மின்சாரம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கும் சேர்த்தே விலைக்கணக்கு மாறும் என்பதால், 65இல் நிற்கிற வீட்டுக்கு ஐந்து அலகு பெரிய விஷயம். 60 வாற் பழைய குமிழ் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு, அதே வெளிச்சம் தரும் 9 வாற் எல்ஈடி ஒன்றரை அலகுக்கும் குறைவு. குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து ஆறங்குலம் தள்ளி வையுங்கள். உப்புக்காற்றில் கதவு ரப்பர் சீக்கிரம் வெடிக்கிறது: ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். மின்னழுத்தியில் ஒவ்வொரு சட்டையாகச் சூடாக்காமல் கிழமைக்கு ஒருநாள் எல்லாவற்றையும் தேய்த்துவிடலாம்.

கூரைத் தண்ணீர்

இங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை. பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 500 சதுர அடிக் கூரை 46 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழை பெய்தால், தெறிப்பும் ஆவியும் போக ஐந்தில் நாலு பங்கு கைக்கு வரும் என்று வைத்தாலும் 900 லீற்றருக்கு மேல். ஒரே மழையில் 1,000 லீற்றர் தாங்கி ஒன்று கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

பீலியைச் செப்டெம்பரிலேயே சுத்தம் செய்யுங்கள். பத்தடிக்கு ஓரங்குலம் சரிவு போதும். எட்டு மாதத் தூசியும் காக எச்சமும் முதல் மழையோடு இறங்கும், அதனால் பருவத்தின் முதல் இரண்டு மழையை முழுதாக வெளியே விட்டுவிடுங்கள். அதன்பிறகும் ஒவ்வொரு மழையின் முதல் இருபத்தைந்து லீற்றரைத் தனியாகப் பிடிக்க வேண்டும். தாங்கிக்குப் போகும் பைப்பில், தாங்கிக்கு முன்னால் ஒரு டீ (T) இணைப்பைப் பூட்டி, அதிலிருந்து நாலங்குலப் பைப்பைக் கீழ்நோக்கி மூன்று மீற்றர் இறக்குங்கள். மீற்றருக்கு எட்டரை லீற்றர் கொள்ளும். அது நிறைந்த பிறகே சுத்தமான தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணீரைக் கன்றுக்கும் கழுவலுக்கும் மட்டும் வையுங்கள். தாங்கி நிறைந்து வழிவதைக் கிணற்றுக்குள் நேரே விடாதீர்கள். பத்தடி தள்ளி நாலடி ஆழக் குழி வெட்டி, அடியில் கல், மேலே சல்லி, அதற்கு மேல் மணல் போட்டு அதற்குள் விட்டால் வடிந்து நிலத்தடிக்குச் சேரும்.

அந்த நாலங்குலப் பைப்பின் அடி மூடியில் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று கட்டாயம் வேண்டும். மழை விட்டதும் அதனூடாகச் சொட்டிச் சொட்டிப் பைப் தானாக வெறுமையாகும். துளை இல்லாவிட்டால் இருபத்தைந்து லீற்றர் அழுக்குத் தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும், டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017 மார்ச்சில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. தாங்கியின் வாய்க்கும் வழியும் குழாய்க்கும் ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள வலை கட்டுங்கள். உப்புக்காற்றுக்குக் கம்பிவலை ஒரு வருடத்தில் துருப்பிடித்து உதிரும், நைலோன் வலை போடுங்கள். அந்தத் துளையில் இலைத்தூள் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓர் ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.